தம்பி பேரில் வந்த அறைகூவல்

தம்பி செத்த செய்தி வந்து இரண்டு மாதம் ஆகியும் அச்சாபீஸ்காரி அந்த ஆளுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பதை நிறுத்தவில்லை. அதிலும் சர்க்கரை ஒரு கரண்டி அதிகம். கூப்பனுக்குச் சர்க்கரை கைப்பிடி அளவு கிடைக்கிற காலத்தில் தெருவுக்கு இது எப்படிப் பொறுக்கும்? எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் பட்டாளத்துச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் வேலை. ஊசிக்கு ஒரு கண்ணையும் தெருவுக்கு மறு கண்ணையும் ஒதுக்கி வைத்திருப்பவள் அவள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"கூடப் பொறந்தவனை ஏத்திவிட்டுக் கொன்னவனுக்கு உபசாரமா? நானா இருந்தா அந்தக் கொதிக்கிற டீயை மூஞ்சியிலயே ஊத்தியிருப்பேன்."

"ஊத்தலாம்தான்," என்றாள் அச்சாபீஸ்காரி. "வெந்த புண்ணு நாலு நாள்ல ஆறிடுமே."

தையல்காரம்மா அன்று முழுக்கப் பொத்தான்களைத் தப்பு ஓட்டையில் தைத்தாள்.

அந்த ஆளுக்குத் தெரு வைத்த பெயர் பிரகடனம். கடையில் உப்புக் கேட்டால்கூட உலகத்துக்கே அறிவிப்பது மாதிரிதான் கேட்பார். நெஞ்சில் பழைய சளி என்று மருத்துவரிடம் சான்று வாங்கிப் பட்டாளத்துக்குத் தப்பியவர். அந்த நெஞ்சிலிருந்து கிளம்பும் குரலோ மூன்று தெருவுக்குக் கேட்கும். அவர் நடத்திய பத்திரிகையின் பெயர் ஓட்டை. வேடிக்கைக்காக வைத்த பெயர் என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொரு இதழிலும் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை நட்டநடுவே ஒரு ஓட்டை இருக்கும். கவிதையின் முக்கியமான சொல் அந்த இடத்தில் வந்தால் அதுவும் போய்விடும். போன சொல்தான் கவிதை என்பது அவர்கள் கட்சி. ஓட்டை போடும் வேலை அச்சாபீஸ்காரியின் புருஷனுக்கு. பள்ளி நோட்டுப் புத்தகங்கள் தைக்கிற பைண்டர் அவர். சுத்தியலும் துளைக்கருவியுமாக உட்கார்ந்து, "இந்தக் கிறுக்குங்களுக்குக் காகிதத்தைப் பார்த்தா ஏன்தான் ஆகலையோ," என்று முனகிக்கொண்டே போட்டுத் தள்ளுவார்.

அச்சாபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டின் முன்னறை. மிதித்து ஓட்டும் ஒரு இயந்திரம், ஈய எழுத்துகள் அடைந்த மரப்பெட்டிகள், அச்சடித்த தாள் காய நாலு கொடி. கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது, கருமாதி அட்டை, இவைதான் சோறு போட்டன. மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி நெளியும். அந்த நாட்களில் அடுப்பில் உருளைக்கிழங்கு வேகிற சூட்டிலேயே தாளையும் காட்டி எடுப்பாள். அவர்கள் வீட்டுக் கிழங்கில் மசி வாசமும் அவர்கள் ரசீதில் கிழங்கு வாசமும் இருக்கும் என்று தெருவில் ஒரு பேச்சு.

அவள் அச்சடித்துக் கொடுக்கிறவள் மட்டும் அல்ல, அந்தப் பத்திரிகைக் கூட்டத்தில் ஒருத்தி. தம்பியும் அதில் உண்டு. லினோ என்கிற மெத்தென்ற தகட்டில் அச்சுக்காக உளியால் படம் வெட்டுகிறவன், குளிக்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றுகிறவன், அதனால் பெயரே தொப்பி. ஒரு இதழில் பக்கத்துக்கு ஒரு தோல் குறைகிற மாதிரி வெங்காயம் வெட்டினான். கடைசிப் பக்கம் காலி. படித்தவர்கள் கண்ணீர் விட வேண்டும் என்பது ஏற்பாடு. காசு கொடுத்து வாங்கியவர்கள் விட்டார்கள்.

அந்தப் பத்திரிகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தன் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது. எழுதிவிட்டுக் கூட்டத்தில் வேறு ஒருவர் பெயரைக் கீழே போட வேண்டும். பெயருக்கு உரியவருக்கு இதழ் கைக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரியும். சட்டம் போட்டவர் பிரகடனம். "எழுத்துக்குச் சொந்தக்காரன்னு எவனும் கிடையாது!" எழுத்துக் கோக்கிற அச்சாபீஸ்காரி ஒருத்திதான் கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். படைத்தளபதியின் மீசையை மட்டும் தம்பி படமாக வெட்ட, 'காணவில்லை' என்று அதற்கு அவள் ஒரு விளம்பரம் எழுதி, கீழே பிரகடனத்தின் பெயரைப் போட்டாள். அவரைக் காவல் நிலையத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தபோது புதுமாப்பிள்ளை மாதிரி முகம் அவருக்கு. "அக்கா, என் வாழ்நாள்ல நான் எழுதினதுலயே இதுதான் உசத்தி!"

அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யாருக்கு வயது அதிகம் என்பதில் இருவருக்கும் கடைசிவரை உடன்பாடு இல்லை.

அப்புறம் எல்லையில் சண்டை வந்தது. சுவரெல்லாம் சுவரொட்டி, தெருவெல்லாம் ஒலிபெருக்கி. ஓட்டையின் அடுத்த இதழுக்குப் பிரகடனம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைப்பு, அறைகூவல். 'ஓவியனே! தூரிகை மயிரால் எல்லையைக் காப்பாயா! உளியை வீசு! துப்பாக்கியை எடு! பீரங்கி பாடுவதைவிட உயர்ந்த கவிதை உண்டா! சாவதைவிடப் புதுமையான கலை உண்டா!' இப்படியே ஒன்றரைப் பக்கம். கீழே தம்பியின் பெயர்.

அச்சாபீஸ்காரி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த எழுத்துகள் கொட்டிப்போயின. சுவரொட்டிக்காரர்களை இதைவிட நன்றாக எவன் கிண்டல் பண்ண முடியும்? அவள் பெட்டியில் ஆச்சரியக்குறிகள் வருஷக்கணக்காகத் தூசு படிந்து கிடந்தன. ஓட்டை எதற்கும் ஆச்சரியப்படாத பத்திரிகை. அன்றைக்கு ஒரு பக்கம் முடிவதற்குள் அத்தனையும் காலி.

"அண்ணே, ஆச்சரியக்குறி தீந்துபோச்சு. பாதிக்கு முற்றுப்புள்ளி வச்சிரவா?"

"கூடாது! நாடகக் கொட்டகை நோட்டீஸ் அடிக்கிறானே, அவன்கிட்ட ஒரு கைப்பிடி வாங்கிட்டு வா!"

அவரும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை அவள் பார்த்தாள், பைண்டரும் பார்த்தார்.

ஊர் சிரிக்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்து இதெல்லாம் ஒரு பத்திரிகையா என்று காறித் துப்பிய ஊர், இதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் வாசித்தார்கள். ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் சுவரில் அந்தப் பக்கத்தையே, நடு ஓட்டையோடு, ஒட்டினார்கள். டீக்கடையில் தம்பியிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். "எப்பப்பா கிளம்புறே?" என்று கேட்டுக் கன்னத்தைத் தடவினார்கள். ஒரு வாரம் அவனும் சிரித்தான். அப்புறம் சிரிப்பு குறைந்தது.

"கிண்டல்னு சொன்னா அடிக்க வர்றாங்கக்கா," என்றான். "சொல்லலைன்னா கட்டிப்பிடிக்கிறாங்க. எதுக்கு பயப்படுறதுன்னே தெரியலை."

பிரகடனத்திடம் போய் நின்றான். "அண்ணே, அடுத்த இதழ்ல ஒரு வரி போடுங்க. அது கிண்டல், எழுதினது நீங்கன்னு." ஆனால் அதற்குள் அவரை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பொன்னாடை போர்த்திவிட்டார்கள். முதல் முறையாக ஊர் அவருக்குக் கை தட்டியிருந்தது. எதைக் கிண்டலுக்கு எழுதினாரோ அதை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது அவருக்கே மயிர்க்கூச்செறிந்ததாம். "இப்ப வேண்டாம் தம்பி. சூழ்நிலை அப்படி. கொஞ்சம் பொறு."

அடுத்த இதழ் ஓட்டை இல்லை, கோட்டை. ஒரே எழுத்துதானே கூட என்றார். நடுவிலிருந்த துவாரம் போயிற்று, ஊதா மசி போயிற்று, சிவப்பு வந்தது. வெங்காயம் இருந்த இடத்தில் முஷ்டி. கூடவே, போர்க்காலத்தில் அவரவர் சொல்லுக்கு அவரவர் பெயரே பொறுப்பு என்று புதுச் சட்டம். பழைய கணக்குக்கு அந்தச் சட்டம் செல்லாது. அறைகூவல் தம்பி பெயரிலேயே நின்றது. இன்னும் கிளம்பவில்லையே என்று கூட வேலை செய்தவர்கள் முகத்தைத் திருப்ப ஆரம்பித்த வாரம் அவன் பட்டாளத்துக்கு வண்டி ஏறினான். அவனிடமிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்தது, அப்புறம் பட்டாளத்து அலுவலகக் கடிதம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

காரியம் முடிந்ததும் அவள் பிரகடனத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த அறைகூவல்ல இருந்து என் தம்பி பேரை எடுங்கண்ணே. அவன் அப்படி எழுதலை. நாலு பேரைச் சாகக் கூப்பிட்டவன்னு அவன் பேரு நிக்கக் கூடாது."

"அக்கா, அவன் இப்ப உன் தம்பி மட்டும் இல்ல, நாட்டோட தம்பி! அந்தப் பேரைப் பார்த்துத்தான் எத்தனை பிள்ளைங்க கிளம்புறாங்க தெரியுமா!"

உள்ளே போய்த் தேநீர் போட்டாள். சர்க்கரை ஒரு கரண்டி அதிகமாக விழுந்தது அன்றிலிருந்துதான்.

கோட்டையின் நினைவிதழ் தயாரானது. அட்டையில் தம்பியின் படம். உள்ளே பிரகடனத்தின் இரங்கல், அவர் சொந்தப் பெயரில். மேடைக்கு மேடை அலைகிறவருக்கு ஏது பொறுமை? முதல் புரூஃபைத் தேநீரோடு சேர்த்துக் குடித்துவிட்டு, "பிரமாதம், ஓட்டிடு!" என்று போய்விட்டார். அவர் தெரு முனை திரும்பியதும் அவள் கோத்திருந்த கடைசிப் பத்தியை அவிழ்த்து வேறு கோத்தாள். பத்து வருஷம் ஒருவர் பெயரில் ஒருவர் எழுதிப் பழகிய கை. அவருடைய மூச்சு எங்கே வாங்கும், எங்கே தொண்டை கமறும், எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும்.

'தம்பி! உன்னை அனுப்பிவிட்டு நான் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருப்பேனா! நெஞ்சுச் சளி என்ற கோழையின் சான்றிதழை இதோ கிழிக்கிறேன்! இந்த இதழ் மக்கள் கையில் சேரும் வாரமே நானும் வண்டி ஏறுகிறேன்! இது சத்தியம்!'

ஆச்சரியக்குறிகளுக்கு இப்போது பஞ்சம் இல்லை. பத்து மடங்கு வாங்கி வைத்திருந்தார்கள்.

தாள் மடிக்க உட்கார்ந்த பைண்டர்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு மடிக்கும் எலும்புக்கத்தியைக் கீழே வைத்தார்.

"இது அந்த ஆள் எழுதினதில்ல."

"அவர் பேரு போட்டிருக்கே."

"விளையாடாதே. இந்தக் கடைசிப் பத்தியை வச்சே அவனை அனுப்பிடுவாங்க. திரும்பி வருவான்னு என்ன நிச்சயம்?"

"என் தம்பிக்கு என்ன நிச்சயம் இருந்துச்சு?"

"அந்த ஆள் பொண்டாட்டி பாவம் இல்லையா?"

"பாவம்தான். நான்கூடப் பாவம்தான். வரிசையில நிக்கச் சொல்லுங்க."

பைண்டர் சொல்லக் கூடாததைச் சொன்னார். "அந்த அறைகூவலைக் கோத்தது யாரு? கீழ உன் தம்பி பேரைப் பார்த்தப்ப ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நீயும்தானே சிரிச்சே?"

அச்சாபீஸ்காரி முகத்தில் அறை வாங்கினவள் மாதிரி நின்றாள். மசித் துணியை எடுத்துத் துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"சிரிச்சேன்," என்றாள். "அதுக்கு எனக்கு உண்டானது எனக்குக் கிடைச்சாச்சு. தினமும் கிடைக்குது. அவருக்கு மட்டும் ஏங்க இன்னும் பொன்னாடை?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பைண்டர் கத்தியை எடுத்தார். மடித்தார், தைத்தார், ஓரம் வெட்டினார். அவர் முனகாமல் தைத்த ஒரே இதழ் அதுதான்.

நினைவுக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். வாசலிலேயே ஆளுக்கு ஒரு இதழ் கொடுத்துவிட்டார்கள். தையல்காரம்மா முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள், கையில் பாதி தைத்த சட்டையோடு. பிரகடனம் மேடைக்கு வந்ததும் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. வழக்கமான மரியாதை என்று நினைத்துக் கையைத் தூக்கினார். தட்டல் நிற்கவில்லை. ஆள்சேர்ப்பு அதிகாரி மேடையேறி, இதழைப் பிரித்து, கடைசிப் பத்தியைத் தன் கட்டைக்குரலில் வாசித்தார். சளி என்ற இடத்தில் பிரகடனத்தின் வாய் திறந்தது. சத்தியம் என்ற இடத்தில் மூடிக்கொண்டது.

"இதல்லவா எழுத்தாளன்!" என்று அதிகாரி அவரைக் கட்டிப்பிடித்தார். "சளியை நினைச்சுக் கவலைப்படாதீங்க. எல்லைக் காத்து எல்லாத்தையும் காய வச்சிடும்!"

மண்டபம் அதிர்ந்தது. அவருடைய மனைவி ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால், அழுதுகொண்டே அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் புருஷனைப் பார்த்துப் பெருமைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பிரகடனம் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினார். அச்சாபீஸ்காரி தூண் ஓரம் நின்று எல்லாரையும்விட நிதானமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மழைக்கு நடுவே பிரகடனம் வந்தார். குடையை மடக்காமலே உள்ளே நுழைந்தார். கொடியில் காய்ந்த தாள்கள் குடைக்கம்பியில் மாட்டிக் கிழிந்தன.

"நீதானே?"

"குடையை மடக்குங்கண்ணே. வீட்டுக்குள்ள பிடிச்சா நல்லதில்லைம்பாங்க."

"நீதானேன்னு கேக்குறேன்!"

"நான்தான். நீங்க போட்ட வழக்கம்தானே? எழுத்துக்குச் சொந்தக்காரன்னு எவனும் கிடையாது."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். குரல் முதல் முறையாக அந்த அறையைத் தாண்டவில்லை. "விளையாட்டு எல்லை மீறிடுச்சு அக்கா. இன்னிக்கே அந்த அதிகாரிகிட்ட வா. நீ சேர்த்து அடிச்சதுன்னு சொல்லு. என் பொண்டாட்டி ஊர் பூரா சொல்லிட்டா. கம்பளி பின்னுறா. அவகிட்ட நானே எப்படிச் சொல்றது?"

"சொல்றேன். இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு வர்றேன்."

அவர் நிமிர்ந்தார்.

"அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு எழுதிக் கொடுங்க. 'அறைகூவலை எழுதினது நான். அது கிண்டல். அந்தப் பையன் பேரை அவனுக்குத் தெரியாம நான் போட்டேன்.' இந்த மூணு வரி. நான் கோத்து, அடிச்சு, ஆள்சேர்ப்பு ஆபீஸ் சுவத்துல பழசு மேலயே ஒட்டிட்டு, உங்களோட வர்றேன்."

"கிண்டல்னா? இந்த நேரத்துலயா? உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க!"

"ஒரு மத்தியானம் உக்கார வைப்பாங்க. முன்னாடி உக்காந்தவர்தானே? வாழ்நாள்ல எழுதினதுலயே உசத்தின்னீங்க."

"அது வேற காலம். அப்புறம்... அது முழுக்கக் கிண்டலும் இல்ல அக்கா. எழுதும்போது ஏதோ ஒரு உணர்ச்சி..."

"அண்ணே. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சீங்க. இதோ இந்த இடத்துல."

தையல் ஊசியோடு மூலையில் இருந்த பைண்டர் தலையைத் தூக்காமல் சொன்னார். "நானும் பார்த்தேன்."

பிரகடனம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் ஒரு துண்டுத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். ஆசை ஆசையாக வைத்தாள் என்றே சொல்ல வேண்டும். இவ்வளவு நாள் காய்ச்சிய கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த மூன்று வரி மட்டும் கைக்கு வந்தால் அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட அவள் தயாராக இருந்தாள்.

அவர் எழுதினார். அவள் வாங்கிப் படித்தாள். "'வரலாற்றின் எரிமலை வாயில் நின்ற ஓர் எழுத்து, ஓர் இளைஞனின் பெயரை ஏந்தியது.' யாரு எழுதினது இதை? எரிமலையா?"

மறுபடி எழுதினார். அதில் காலத்தின் கை வந்தது. கிழித்தாள். அடுத்ததில் கலையின் தவிர்க்க முடியாத விபத்து வந்தது. அதையும் கிழித்தாள். மழை கூரையைப் போட்டு அடித்தது. உள்ளே கிழங்கு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது, யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றவர் மாதிரி, ஒரே ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லாமல் எழுதினார். 'அறைகூவலை எழுதியவன் நான். அது கிண்டல். அந்தப் பையனுக்கு அது தெரியாது.'

அச்சாபீஸ்காரிக்குக் கண் நிறைந்தது. விரலை வைத்துச் சொல் சொல்லாகப் படித்தாள். சரியாக இருந்தது.

"கீழ பேரு போடுங்கண்ணே."

அவர் தாளைப் பார்த்தார். பேனா முனையில் மசி திரண்டு சொட்டியது. திறந்த வாசல் வழியாக அவர் மனைவியின் குரல் கேட்டது. தையல்காரம்மா வீட்டு வாசலில் ஒதுங்கி நின்று, "எங்க வீட்டுக்காரருக்குச் சட்டை தோள்ல கொஞ்சம் தளர்வா வேணும்," என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றார் மெதுவாக. "யாரோ எழுதின மாதிரி... பழைய வழக்கப்படி, வேற யார் பேராவது போட்டா ஆகாதா?"

பைண்டர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"உங்க பேரு," என்றாள் அச்சாபீஸ்காரி.

அவர் பேனாவை மூடினார். தாளை நாலாக, எட்டாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எழுந்து வேட்டியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமினார்.

"பட்டாளத்து வண்டி காலையிலயா, சாயங்காலமா?"

அவள் அவர் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பறித்துவிடலாமா என்று கை ஒருமுறை எழுந்தது. பெயர் இல்லாத தாளை வைத்து என்ன செய்வது? கை தானாக இறங்கியது.

"காலையிலண்ணே," என்றாள். "கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. ஜன்னலோரமா இடம் கிடைக்கும்."